வெளிச்சத்தைச் சேர்த்து வைத்தவள்

"ஏனுங்க, நேத்து பூராவும் ஓடுச்சே, அது எங்கீங்க?"

"எது?"

"அதானுங்க, லென்ஸுக்குள்ள ஓட்டுனது."

"அது முடிஞ்சு போச்சு. படத்த எடுத்துக்கிட்டு மீதிய அழிச்சுட்டேன். இடத்த அடைக்குதுல்ல?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். கறந்த பாலை வாசலில் கொட்டிவிட்டு வந்து நிற்கிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "அழிச்சுட்டீங்களா? அட சாமி! ஒம்போது மணி நேரம் ஓடுன வெளிச்சமுங்க அது!"

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து அது நாலாவது நாள். அவள் எனக்கு இரண்டு மாதம் முந்திச் சேர்ந்தவள், அவ்வளவுதான். வயதும் ஒன்று, சம்பளமும் ஒன்று. இதற்கெல்லாமா ஒரு கூப்பாடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் நாலு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இன்றைக்கு அவள் வேறு ஊரில், நான் வேறு ஊரில். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நல்லேப்பிள்ளியில் இருக்கிற அவள் சொந்தக்காரர்கள் எல்லாரும் போன் போடுவார்கள், ஒவ்வொருவருக்கும் அவள் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தக் கொடுமையை அவளுக்கு நான் செய்யக்கூடாது.

பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டுப் பக்கம் தெருவிளக்கு செய்கிற சின்னக் கம்பெனி அது. விளக்கைச் செய்யும் முன்பு அதைக் கம்ப்யூட்டருக்குள் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். விளக்குக்குள் எரிகிற சின்னச் சிப்பிலிருந்து கோடிக்கணக்கில் கதிர்கள் கிளம்பும். ஒவ்வொன்றும் லென்ஸுக்குள் எப்படி வளைகிறது, வெளி மூடியைத் தாண்டி எங்கே போகிறது, ரோட்டில் எந்த இடத்தில் விழுகிறது என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடும். மூடியின் வடிவத்தை இம்மி மாற்றினாலும் மறுபடி சிப்பிலிருந்து ஆரம்பம், மறுபடி ஒன்பது மணி நேரம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஓடவிட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் பழம்பொரி தின்னப் போவோம். நல்ல வேலைதான் அது.

அவள் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். "லென்ஸ மாத்துனீங்களா?"

"இல்ல."

"சிப்ப?"

"அதுவும் இல்ல. மூடிய மட்டுந்தான்."

"அப்பறம் எதுக்குங்க சிப்புல இருந்து? லென்ஸுக்கு வெளிய வந்த வெளிச்சத்த அப்படியே புடிச்சு வெச்சுக்கோணும். மூடி மாறுனா அங்கிருந்து ஓட்டுங்க. எங்கூர்ல வாய்க்காத் தண்ணி மடை வரைக்கும் வந்து நிக்குதுங்க. மேக்கால வயலுக்கு உடறதா, கெழக்கால வயலுக்கு உடறதாங்கறதுதான் பேச்சு. அதுக்குன்னு மறுபடியும் டேம்ல இருந்தா தொறப்பீங்க?"

ஒன்பது மணி நேர வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. முதலாளி பூரித்துப் போனார். பழம்பொரிக்குத்தான் நேரமில்லாமல் போயிற்று, அதில் எனக்கு இன்றைக்கும் மனக்குறை உண்டு. ஒரு கறுப்பு டிஸ்க்கில் அவள் சேர்த்து வைத்த வெளிச்சம் நாளுக்கு நாள் பெருகியது. இந்தச் சிப்பு, இந்த லென்ஸ், இந்தச் சரிவு என்று எது கேட்டாலும் பாதி வழி ஏற்கெனவே போட்டு வைத்திருப்பாள். மீதிப் பாதி மட்டும் ஓட்டினால் போதும்.

ஆபீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் ஆளே அப்படி. ஒரு தடவை செய்ததைத் திரும்பச் செய்வது என்றால் அவளுக்கு உடம்பே எரியும். நாங்கள் சேர்ந்து தங்கிய ஹாஸ்டல் அறைக் கதவில், தினமும் கேட்கிற கேள்விகளுக்குப் பதிலாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். 'சாப்பிட்டாச்சு. ஊருக்கு வெள்ளிக்கிழமை. கல்யாணம் இன்னும் இல்லை' என்று தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. வார்டன் சேச்சி முதலில் கோபப்பட்டார். பிறகு தானே கதவருகில் போய்ப் படித்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

அவளுடைய சின்னம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸப்பில் குரலில் பேசி அனுப்ப வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. முதல் வாரம் பேசினாள். அடுத்த வாரத்திலிருந்து அதே பேச்சையே அனுப்பினாள். "நல்லா இருக்கறனுங்க சின்னம்மா, சாப்பாடு பரவால்லீங்க, வெயில்தான் சாஸ்தி" என்று நாற்பது வினாடி. மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிறு சின்னம்மாவே கூப்பிட்டார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்கண்ணு, உன்ற ஹாஸ்டல்ல சேவல் இருக்குதா?"

"பக்கத்தூட்ல ஒண்ணு இருக்குதுங்க. ஏனுங்க?"

"வாராவாரம் நீ 'சாப்பாடு'ன்னு சொன்ன ஒடனே அது கூவுது. பயங்கரமான சேவலா இருக்குதே கண்ணு!"

நான் கட்டிலில் விழுந்து உருண்டேன். அவள் அசடு வழியவில்லை. "சின்னம்மா, நான் இப்பவும் நல்லாத்தான் இருக்கறேன், சாப்பாடும் அதேதான். மாறுனாச் சொல்ல மாட்டனுங்களா?" என்றாள். சின்னம்மா கொடுத்த திட்டு நாற்பது வினாடியில் முடியவில்லை.

என்னோடு சண்டை போடுவதிலும் அதே கதைதான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். நான் மூச்சு வாங்கக் கத்திக்கொண்டிருப்பேன். அவள் கையைக் காட்டி நிறுத்துவாள். "இது போன மாசம் போட்ட சண்டதானுங்க. புதுசா என்ன சேர்ந்துச்சு? ஒண்ணுமில்லையில்ல? அன்னைக்குக் கடைசீல நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. நேரா அதையே கேட்டுருங்க." கோபத்தில் இருக்கிற மனுஷியிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் பாதி நாள் சிரித்துத்தான் தொலைத்தேன்.

இவ்வளவு சாமர்த்தியசாலி ஒரு இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டாள். அவளோடு சேர்ந்து நானும்.

எனக்கு ஊர் இடுக்கி மலையில் ஆனைக்கரை. அப்பா ஜீப் ஓட்டுகிறவர். காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அம்மா. தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர், அதற்கப்பால் பள்ளம். ஆடி மாதம் ஆறு மணிக்கே அங்கே இருட்டிவிடும். கூடவே பனிமூட்டமும் இறங்கினால் ஜீப் லைட்டைப் போட்டாலும் வெள்ளையாகத்தான் தெரியும், ரோடு தெரியாது. அதனால் ஒரு வழக்கம். வளைவு வந்ததும் அம்மா இறங்குவாள். வெள்ளை உரச்சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்டு, சுவரை ஒட்டி முன்னால் நடப்பாள். அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டு அப்பா ஊர்ந்து வருவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் முதுகுதான் அப்பாவுக்கு ரோடு. இந்த விளக்கு வேலை வந்ததற்கு முந்தின வருடம் பாசியில் கால் வழுக்கி அம்மா ஜீப்புக்கு முன்னால் விழுந்தாள். அப்பா எப்படியோ பிரேக்கை மிதித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைநாள் சாயங்காலமும் போன் வருகிற வரைக்கும் நான் சாப்பிட உட்கார மாட்டேன்.

அந்த வளைவுக்கு விளக்கு போட பஞ்சாயத்தில் முடிவாகி, எங்கள் கம்பெனிக்கு மாதிரி விளக்கு செய்யச் சொல்லி வந்தபோது நான் தரையில் நடக்கவில்லை. "எங்க அம்மா நடக்கிற வளைவு" என்று அவளிடம் சொன்னேன். "அப்ப அவங்க இனி நடக்கக் கூடாதுங்க" என்று டிஸ்க்கை மாட்டினாள். மூன்று வாரத்து வேலையை இரண்டு நாளில் முடித்தாள். லென்ஸ் வரைக்கும் பழையது இருந்தது. விளக்கிலிருந்து ரோடு வரைக்கும் எட்டு மீட்டர் கம்பத்துக்குப் போட்டதும் பழையது இருந்தது. மூடியை மட்டும் புதிதாக ஓட்டினாள். படத்தில் வளைவு முழுக்கச் சீரான வெளிச்சம். இடத்தைப் பற்றி எழுதுகிற தாளை நான்தான் நிரப்பினேன். 'மழை அதிகம், தூசி குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று மாதிரி விளக்குகளோடு இருவரும் பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி மலை ஏறினோம். அவள் மலைக்கு வருவது அதுதான் முதல் தடவை. என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் வார்டு மெம்பர் வந்தார், விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் வளைவு கல்யாண வீடு மாதிரி இருந்தது. மெம்பர் கைதட்டினார்.

அப்புறம் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறியது. அவள் முதலில் சந்தோஷமாகக் கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தாள். அடுத்த நிமிடம் மூன்று விளக்குகளும் மூட்டத்துக்குள் பரவி, கண் முன்னால் வெள்ளைத் துணி கட்டியது போல் ஆகிவிட்டது. அப்போதுதான் அப்பாவின் ஜீப் வந்து நின்றது. அப்பா தலையை வெளியே நீட்டினார். "ஏத்தா, முன்னாடி ரோடு தெரியாம இருந்துச்சு. இப்ப ரோடே இல்லேங்கிறது பளிச்சுன்னு தெரியுது!"

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் அம்மா வழக்கம் போல இறங்கி, சாக்கைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். வெள்ளை வெளிச்சத்தில் வெள்ளைச் சாக்கு மூன்றாவது எட்டிலேயே மறைந்து போயிற்று.

"எங்கடி இருக்க?" அப்பாவின் குரல் மாறிவிட்டது.

"இங்கதான் இருக்கேன். மேல ஏத்திராதீங்க!"

"எங்க?"

"அட, இங்கதாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய் விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். அணைத்த பிறகுதான் ஜீப் வெளிச்சத்தில் அம்மாவின் சாக்கு கண்ணுக்குத் தெரிந்தது. மெம்பர் நல்ல மனிதர், திட்டவில்லை. பத்து நாளைக்குள் சரியான விளக்கைக் காட்டாவிட்டால் இந்த வளைவைப் பஞ்சாயத்து விளக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அறிவிருக்கா உனக்கு? மூட்டம்னா என்னான்னே தெரியாதா? எங்கம்மாவ ஜீப்புக்கு அடியில தள்ளப் பாத்தியே!"

அவள் பழைய சண்டையை எதையும் எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "எங்கூர்ல இது இல்லீங்களே. உங்கூர்ல இருக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

அந்தத் தாளில் என் கையெழுத்து. மழையை எழுதினேன், தூசியை எழுதினேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மூட்டத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளோ நல்லேப்பிள்ளி வயல்காட்டில் வளர்ந்தவள். விளக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் காற்று என்று ஒன்று இருப்பதையே அவள் கணக்கில் வைத்ததில்லை. சித்தூர் ரோட்டுக்கும் கோயமுத்தூர் ரோட்டுக்கும் ஒத்து வந்த கடைசி எட்டு மீட்டரை அப்படியே தூக்கி எங்கள் மலையில் வைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மா கட்டன்காப்பியும் கப்பைக்கிழங்கும் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிழங்கைக் கையில் எடுத்தவள் அம்மாவிடம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, இன்னைக்கு இருந்த மூட்டம் கெட்டிங்களா, சுமாருங்களா?"

"இதுக்கு என்னாத்தா தராசா வச்சிருக்கேன்?" அம்மா சிரித்தாள். "இவருக்கு எத்தன எட்டுல என் சாக்கு மறையுதோ அதான் கணக்கு. லேசுன்னா இருவது எட்டு. இன்னிக்கு மாதிரின்னா, உங்க வெளக்கு இல்லாட்டி, பதினோரு எட்டு. ரொம்ப மோசம்னா ஏழு."

அவள் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதத்தானுங்கம்மா தேடிட்டிருந்தேன்!"

சாக்கு எத்தனை எட்டில் மறைகிறது என்று தெரிந்தால் மூட்டம் எவ்வளவு அடர்த்தி என்று கணக்குப் போட்டுவிடலாமாம். அடுத்த மூன்று நாளும் காலை, சாயங்காலம் அந்த வளைவில் அம்மா நடந்தாள். போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, பின்னால் டேப்போடு இவள். "மறுபடி நடங்கம்மா." "இன்னொருக்கா." அவள் வாயிலிருந்து அந்த வார்த்தைகளை நான் அதுவரை கேட்டதே இல்லை. அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள். "படிச்ச புள்ளதானே இது? கொஞ்சம் லூசோ?"

பாலக்காடு திரும்பியபோது கையில் ஆறு நாள்தான் இருந்தது. மூட்டத்துக்குள் ஒரு கதிர் நேராகப் போகாது. துளித்துளியாக மோதி, நாலாப் பக்கமும் சிதறும். ஒரே ஒரு விளக்கை ஒரே ஒரு உயரத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கவே நாலு நாள் ஆகும் என்று கம்ப்யூட்டர் காட்டியது. எங்களுக்கோ இருபது முப்பது விதமாக வைத்துப் பார்க்க வேண்டும். நான் அழுதுவிட்டேன். அவள் டிஸ்க்கைத் திறந்து, கடைசி எட்டு மீட்டர்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். மூன்று வருடச் சேமிப்பு. அழிக்கும்போது முகம் சுண்டிப் போயிருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"லென்ஸு வரைக்கும் பொய் சொல்லலீங்க, அது இருக்கட்டும். அங்க வெட்டிக்கறேன்" என்றாள். பிறகு நகத்தைக் கடித்தபடி என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, மூட்டத்துக்கு இடது வலது உண்டுங்களா?"

"என்னா?"

"இந்தப் பக்கம் போனா ஒரு மாதிரி, அந்தப் பக்கம் போனா வேற மாதிரி செதறுமா?"

"இல்ல. எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்."

"அப்ப ஒரே ஒரு மெல்லிசான கத்தை வெளிச்சத்த மட்டும் மூட்டத்துக்குள்ள ஓட்டுவோமுங்க. அத வெச்சுக்கிட்டு, எந்தத் திசைல வேணுமோ அந்தத் திசைல திருப்பித் திருப்பி வெச்சுக் கூட்டிக்கலாமுங்க!"

ஒன்றரை நாள் அந்த ஒற்றைக் கத்தை ஓடியது. அதற்கப்புறம் ஒவ்வொரு விளக்கும் இருபது நிமிடம்தான். உயரக் கம்பத்தில் எதை வைத்தாலும் கண்ணைக் குருடாக்கியது. விளக்கைக் கீழே இறக்க இறக்க ரோடு தெரிந்தது. கடைசியில் சுவரின் மேலேயே, இடுப்பு உயரத்தில், ஜீப் போகிற திசையிலேயே வெளிச்சம் படிந்து போகிற மாதிரி வைத்தபோது படத்தில் சுவர் ஓரம் இருபத்தைந்து எட்டுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் அதைக் கொண்டுபோய் மாட்டினோம். மெம்பர் குனிந்து பார்த்துவிட்டு, "இது தெருவிளக்கா, கோழிக்கூட்டுக்கு வைக்கிறதா?" என்று கேட்டார்.

சாயங்காலம் நாங்களும் தோட்டத்திலிருந்து அப்பாவின் ஜீப்பிலேயே திரும்பினோம். மூட்டம் நன்றாகவே இறங்கியிருந்தது. வளைவு வந்ததும் அப்பா சிலுவை போட்டுக்கொண்டு கியரை மாற்றினார். அம்மா சாக்கை மடியில் வைத்து, கதவில் கையை வைத்து, இறங்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். சுவர் தெரிந்தது. ஒரு விளக்குக்கு அடுத்த விளக்கு, அதற்கு அடுத்தது என்று வரிசையாகத் தெரிந்தது. அப்பா நிறுத்தவே இல்லை.

"ஏக்கா, இன்னிக்கு உனக்கு லீவு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். வளைவு தாண்டிய பிறகு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, இந்த வளைவு இம்புட்டுச் சின்னதா!"

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். சிரிப்பும் கூடவே வந்தது. எனக்குப் பக்கத்தில் இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் அவள் அந்தக் கணக்கைச் சேமித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து புதுப் பழக்கம் ஒன்று. எதைச் சேமித்தாலும், அதன் அடியில் எதெல்லாம் மாறாத வரைக்கும் அது செல்லும் என்று எழுதி வைப்பாள். நான் எட்டிப் பார்த்தேன். சிப்பு, லென்ஸ், மூடி, சுவரின் உயரம், மூட்டம் பதினோரு எட்டு. அதற்குக் கீழே, 'முன்னால் நடப்பவர்: யாரும் இல்லை.'

"இது வெளிச்சக் கணக்குல வராதே?" என்றேன்.

"வருமுங்க." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தட்டிக்கொண்டே சொன்னாள். "உங்கம்மா மறுபடி எறங்கி நடந்தாங்கன்னு தெரிஞ்சா ஒரு போன் போடுங்க. நான் எங்க இருந்தாலும் சரி, சிப்புல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் முதல்ல இருந்து ஓட்டறேன்."